வெறும் கல்லா?

செஞ்சிக் கோட்டையைப் பற்றிய அந்த வீடியோவை எனக்கு இதுவரை ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். போதும், இனி அனுப்பாதீர்கள். ‘செஞ்சியில ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லு’ என்று தீர்ப்பு சொன்ன தம்பி, அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலைப் பார்த்ததோடு திரும்பிவிட்டார். ராஜகிரியில் ஏறவே இல்லை. ஏறாத மலையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் அப்பா கொத்தனார். ஏழாவது படிக்கும்போது என்னை அங்கே கூட்டிப்போனார். வழியில் ஒரு மதில் பக்கம் நிறுத்தி, “பாறை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குது, கண்டுபிடி பாப்போம்” என்றார். ரொம்ப நேரம் தேடினேன். பாறையின் வளைவுக்கேற்ப அடிக்கல்லைச் செதுக்கி உட்கார வைத்திருந்தார்கள். அப்பா அந்த இணைப்பில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. இதுதான் வெறும் கல்லு!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதிலால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்தால் நேராகப் போக முடியாது, எதிரே சுவர் நிற்கும், திரும்ப வேண்டும். கதவை முட்ட வரும் யானைக்கு ஓட இடம் கிடைக்காது, திரும்புகிறவன் தலைக்கு மேலே காவல்காரன் நிற்பான். எல்லாம் தாண்டி உச்சிக்குப் பக்கத்தில் போனால் பாறை பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். நடுவில் ஒரு பாலம். “இந்தப் பலகைய எடுத்துட்டா எவன்டா வருவான்?” என்றார் அப்பா. 1690-இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை கைக்கு வர 1698 ஆனது. அதற்குள், உள்ளே இருந்த மராத்திய அரசர் ராஜாராம் தப்பிவிட்டார். வெறும் கல்லுக்கா எட்டு வருடம்?

வெயில், குரங்குத் தொல்லை என்கிறீர்கள். சரி, உண்மைதான். காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

ஆனால் இன்னொருவர், “யுனெஸ்கோவே மராத்தியர் கோட்டைன்னுதானே பட்டியல்ல சேர்த்திருக்கு, நமக்கென்ன?” என்று எழுதியிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. 2025-இல் சேர்த்த 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சிவாஜி இதைப் பிடித்தது 1677-இல். அதற்கு முன்பே நாயக்கர்கள் இருந்தார்கள், பீஜப்பூர்க்காரர்கள் இருந்தார்கள். ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கல்லைத் தூக்கியவர்கள் யார்? இந்த ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? என் அப்பா கட்டிய வீடுகளில்கூட அவர் பெயர் எங்கேயும் கிடையாது. ‘நமக்கென்ன’ என்று எப்படி மனசு வருகிறது?

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன். முழங்கால் வலியால் அப்பா இப்போது மாடிப்படிகூட ஏறுவதில்லை. நேற்று அந்த வீடியோவை அவரும் பார்த்தார். கடைசிவரை பார்த்துவிட்டு, “பாலம் வரைக்கும் போகலியா அந்தப் பையன்?” என்று மட்டும் கேட்டார்.