களியை மென்று துப்பிவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். ஒகேனக்கல் அருவி, பரிசல், மீன் வறுவல் எல்லாவற்றையும் ரசித்து ரசித்துக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு ரோட்டோரக் கடையில் உட்கார்ந்து ராகி களியை வாயில் போட்டு மென்று மென்று முகத்தைச் சுளித்து, "சிமெண்ட் கலவை" என்று சொல்லிச் சிரித்தாரே அந்தத் தம்பி, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தலைப்பு வேறு, தர்மபுரியில் சாப்பிட ஒன்றுமே இல்லை என்று.

அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அவர் களியைப் பல்லில் கடிக்கும்போது ஓரத்தில் கடைக்கார அக்கா கையில் குழம்புக் கரண்டியோடு நிற்கிறார். குனிந்து ஏதோ சொல்ல வருகிறார். இன்னொரு கையின் விரல்களைக் குவித்துக் கிள்ளிக் காட்டுகிறார். அங்கேயே வெட்டி, ஒரு பாட்டைப் போட்டு, அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். அந்த அக்கா என்ன சொல்ல வந்தார் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மெல்லாதீங்க தம்பி, கிள்ளி எடுத்து, குழம்புல தோச்சு, அப்படியே முழுங்குங்க." இவ்வளவுதான். இதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு ஊரைச் சாப்பாட்டு வழியாகத் தெரிந்துகொள்ளக் கிளம்பி வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பரிமாறுகிறவரிடம் கேட்பது. எப்படிச் சாப்பிடணும், எதைத் தொட்டுக்கணும், இதை யார் எப்போது சாப்பிடுவார்கள், கேளுங்கள். கேட்காமல் தின்றால் உங்கள் நாக்கு மட்டும்தான் பயணம் வந்திருக்கிறது, நீங்கள் வரவில்லை.

உடனே வருவார்கள் என்று தெரியும். "ருசி அவரவர் விருப்பம், பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடாதா?" தாராளமாகச் சொல்லலாம். என்னோடு படித்த நண்பன் ஒருவன், தஞ்சாவூர் பக்கத்துக்காரன், மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்று வளர்ந்தவன், எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வந்திருந்தான். அம்மா களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். எப்படிச் சாப்பிடுவது என்று அவனே கேட்டான். கிள்ளி முழுங்கச் சொல்லிக் கொடுத்தார். அவனுக்குப் பிடிக்கவே இல்லை. "தொண்டையிலேயே நிக்குதும்மா, குழம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றான். அம்மா சிரித்துக்கொண்டே சோறு போட்டார். அதோடு விட்டானா? மறுநாள் அடுப்படிக்கே போய் உட்கார்ந்துகொண்டான். உலையில் நொய்யைப் போட்டு, அது குழைய வெந்ததும் மாவைக் கொட்டி வேகவிட்டு, அப்புறம் சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவார்கள் இல்லையா, அந்தத் துடுப்பை வாங்கிப் பார்த்தான். அவனால் நாலு சுற்றுக்கு மேல் முடியவில்லை. அம்மாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அம்மா, சின்ன வயதில் அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளி வந்தாலும்தான் என்பதையும், மழை பொய்த்த வருஷத்தில் பழைய ராகி எப்படிக் காப்பாற்றியது என்பதையும் அவனிடம் சொன்னார். ராகி வருஷக்கணக்கில் பூச்சி விழாமல் கிடக்கும், அதனால்தான். பெற்ற பிள்ளை எனக்கே அதையெல்லாம் அதுவரை சொன்னதில்லை, ஏனென்றால் நான் கேட்டதில்லை, அவன் கேட்டான். களி பிடிக்காதவன்தான். இன்றைக்கும் அம்மா அவனை விசாரிக்காமல் போனை வைப்பதில்லை.

"ஊருக்கு இலவச விளம்பரம்தானே" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். எந்த ஊருக்கு அண்ணா? சாப்பிட ஒன்றுமில்லாத ஊர் என்ற விளம்பரமா? கிருஷ்ணகிரி மாம்பழம் எங்கெங்கேயோ போகிறது, ராயக்கோட்டை தக்காளி எத்தனையோ ஊர்க் குழம்பில் கொதிக்கிறது. தை மாதக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள், ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்து வைக்கிற குழம்புக்கு ஒரு வீடே உட்கார்ந்து வேலை செய்யும். இதெல்லாம் சாப்பாடு இல்லையா? இவர்களே ஓசூரைத் தாண்டி பெங்களூரு போய் மிலிட்டரி ஓட்டலில் இதே ராகியை முத்தே என்று வாங்கி, பாரம்பரியம் என்று புகழ்ந்து வீடியோ போடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாரம்பரியம், இந்தப் பக்கம் சிமெண்டா?

நீங்கள் மட்டும் அடுத்தவர் சாப்பாட்டைக் கேலி செய்ததே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: யார் செய்தாலும் தப்புதான், அதற்காக இது சரியாகிவிடாது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இது இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை. வெளியூர் ஹாஸ்டலில் களி என்று வாயைத் திறந்தாலே "என்னடா, ஜெயில்ல இருந்து வந்தியா" என்பார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். எங்கள் மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ. இப்போது சர்க்கரை வந்தவர்கள் அதே ராகியை சூப்பர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்குகிறார்கள். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தை நம் அரசு தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது நீலகிரியையும் தர்மபுரியையும்தான். ஏன் தர்மபுரி என்று யோசித்தீர்களா? இந்த மானாவாரிக் காட்டில் ராகியை விதைத்துத் தின்று, கைவிடாமல் வைத்திருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். விளைவிக்கிறவன் சாப்பிட்டால் கேவலம், பாக்கெட்டில் போட்டு விற்றால் ஆரோக்கியம் என்றால் அது என்ன நியாயம்?

ஒன்று சொல்கிறேன், அந்தத் தம்பி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வெளியூர்க்காரர், தெரியாது, சொன்னால் ஒருவேளை கேட்டுக்கொள்வார். அந்த வீடியோவுக்குக் கீழே போய் "உண்மைதான் ப்ரோ, நாங்களே இதை விட்டுட்டோம்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருக்கிறான் பாருங்கள் நம் பாலக்கோட்டுக்காரன் ஒருவன், அவன் மேல்தான் கோபம். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் ஆயா கையால் களி வாங்கித் தின்றிருக்கிறேன். பெயரை இங்கே போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், நேரில் பேசிக்கொள்வோம்.