மலை வண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களே, ஒருநாள் மலைக்கு வாருங்கள்

"மலைப்பாதைக்குன்னே செஞ்சது சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." ஒரு மின்சார சைக்கிளுக்காக என் கையிலிருந்து 48,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு கடைக்காரர் சொன்னது இது. நான்கு மாதம் ஆகிறது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் பந்தாவுக்காக மின்சார சைக்கிள் வாங்கியவன் இல்லை. சேலத்துக்காரன். ஞாயிறு விடிகாலையில் அஸ்தம்பட்டியில் டீ குடித்துவிட்டு, சாதாரண கியர் சைக்கிளில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் மிதித்தே ஏறியவன். வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனதோடு அது போயிற்று. சைக்கிள் ஓட்டலாம், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு மலைக்குப் போக இருந்த ஒரே வழி, மிதிக்கும்போது கூடத் தள்ளிவிடும் மோட்டார்தான். அந்த ஆசையில்தான் பணத்தைக் கொடுத்தேன்.

வண்டியைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். தடித்த டயர், முன்பக்கம் ஷாக், வண்டியின் ஃபிரேமில் 'மவுண்டன்' என்று கொட்டை எழுத்து. விளம்பரத்தில் ஒரு பையன் சேற்றை வாரி அடித்துக்கொண்டு பாறைமேல் பறக்கிறான்.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. அதனால் நண்பருடைய காப்பித் தோட்டத்தில் ஜீப் ஏறும் மண் பாதைக்குக் கொண்டுபோனேன். முதல் வளைவு வரை சரி. இரண்டாவதில் மோட்டாரின் சத்தம் இறங்கி முனகலாக மாறியது. மூன்றாவது வளைவில், மிளகுக் கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், பின்சக்கரத்துக்குள் கரக் கரக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மோட்டார் சுற்றுகிறது, சக்கரத்துக்கு ஒன்றும் வரவில்லை. குனிந்து நடு உருளையைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் சூடு. கூடவே பிளாஸ்டிக் கருகிய நாற்றம். 24 கிலோ வண்டியைச் சறுக்கும் கல்லில், வலிக்கிற முட்டியோடு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இரண்டு கிலோமீட்டர் இறக்கினேன்.

ஏன் இப்படி ஆயிற்று? இதில் இருப்பது பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹப் மோட்டார். நான் எந்தக் கியரில் மிதித்தாலும் அதற்குப் பயனில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றும் மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பிச் சுருளில் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூட்டில், உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் என்ன ஆகும்? பிரித்துப் பார்த்தபோது மூன்றிலும் பல் மழுங்கி, சவைத்துத் துப்பிய கரும்பு மாதிரி இருந்தது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நான் 80 கிலோ, வண்டியோடு 104. நூறு அடிக்குப் பத்து அடி உயரும் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏற, எடையைத் தூக்க மட்டுமே சுமார் 225 வாட் வேண்டும். தோட்டத்துப் பாதையில் சரிவு அதைப்போல இரண்டு மடங்கு, அப்போது வேண்டிய வாட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர், அதாவது 360 வாட் ஹவர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கொஞ்சமும் வீணாகாவிட்டால்கூட, தூக்குவதற்கே அதில் 340 வாட் ஹவர் போய்விடும். ஒரு சார்ஜுக்கு என்று பெட்டியில் அச்சடித்த '60 கிலோமீட்டர்' எந்தச் சமதரையில் அளந்தது?

இதைக் கேட்டால் கடைக்காரர் சட்டத்தைக் காட்டுகிறார். "250 வாட்டுக்கு மேல போனா ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எல்லாம் கேப்பாங்க சார்." விதி உண்மைதான். அரை மணி நேரம் தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு சரி. ஐரோப்பாவிலும் அதே 250, அதே 25தான். அங்கே போஷ் நிறுவனத்தின் மலை மோட்டாரும் 250 வாட் என்றே பதிவாகிறது, ஆனால் 85 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அதாவது சுற்றித் தள்ளும் வலு, தருகிறது. அது உட்கார்ந்திருப்பது பெடல் அச்சில். செயின் வழியாக, கியர் வழியாகத் தள்ளுகிறது. முன்னால் 32 பல், பின்னால் 50 பல் போட்டால் அந்த முறுக்கு சக்கரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல். யமஹா 1993லேயே பெடல் அச்சில் மோட்டாரும் மிதியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் வைத்துச் சைக்கிள் விற்றது. பிறகு எதற்குச் சட்டத்தின் மேல் பழி? அந்த மாதிரி வண்டியின் விலை லட்சக் கணக்கில் போகிறது என்றால், "இந்த விலைக்கு இது ஊருக்குள் ஓட்டத்தான்" என்று சொல்லித் தொலையுங்களேன்! சேலத்துக்குள் ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் போய்வர இந்த வண்டி அருமையாக இருந்தது. நான் குறை சொல்வது பொய் சொல்லி விற்றதை.

சென்சார் கதை இன்னும் மோசம். என் வண்டியில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் காந்த வட்டு. எவ்வளவு அழுத்துகிறேன் என்று அதற்குத் தெரியாது. கல் பாதையில் நின்று கிளம்பும்போது வேண்டிய நொடியில் உதவி வராது. அரைச் சுற்று கழித்துத் திடீரென்று முழு வேகத்தில் தள்ளும், பின்சக்கரம் ஜல்லியில் வழுக்கும். பள்ளத்தின் ஓரத்தில் இப்படி ஒருமுறை தள்ளியது. ஒரு முழம் தவறியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அப்புறம் வாரண்டி. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: தார்ச் சாலை அல்லாத பாதையில் ஓட்டினால் வாரண்டி செல்லாது. ஃபிரேமில் கொட்டை எழுத்தில் மலை, கையேட்டில் எறும்பு எழுத்தில் தார்ச் சாலை! இதற்குப் பெயர் வியாபாரமா? பஞ்சர் ஆன அன்று அடிவாரத்துக் கடை அண்ணன் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒயர் போட்ட சக்கரம், நான் கை வைக்க மாட்டேன்" என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மையில் பாதி, ஏசி ஷோரூமில் விற்றவருக்கு இருந்திருக்கலாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் குற்றம் என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன், விடமாட்டேன். நீங்கள் மலைக்கென்று வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்சக்கரத்தின் நடுவே பாருங்கள், டப்பா மாதிரி வீங்கியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அப்படி இல்லையென்றாலும் பணம் எடுக்கும் முன் கையேட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தை அவர் முன்னாலேயே சத்தமாகப் படியுங்கள்.