தேன் ஊ ஊருக்குப் போன கதை

(யாங்கோன், அனோரத்தா சாலை. காளி கோயிலுக்கு நாலு கடை தள்ளி ஒரு டீக்கடை. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடுகிற பிளாஸ்டிக் முக்காலிகள். சுப்பையாவும் அவர் மனைவியின் தம்பி முருகேசுவும். தமிழ்நாட்டுக்கு யாத்திரை போன சுப்பையா நேற்று இரவுதான் வந்து இறங்கியிருக்கிறார்.)

சுப்பையா: தம்பி... தம்பி, இங்கே வாப்பா!

முருகேசு: அத்தான், அவன் பர்மியப் பையன். தம்பி என்றால் எப்படித் திரும்புவான்? வழக்கம்போல உதட்டைக் குவித்து 'ப்ச் ப்ச்' என்று கூப்பிடுங்களேன்.

சுப்பையா: அந்தச் சத்தத்தை இந்த ஜென்மத்தில் இனிப் போடமாட்டேன் மச்சான்.

முருகேசு: ஏன், புதுப் பல்செட்டா?

சுப்பையா: இருக்கிற பல்லே போகப் பார்த்தது. திருச்சியில் ஒரு ஓட்டல். தோசை பாதியில் நிற்கிறது, சட்னி தீர்ந்துவிட்டது. சர்வர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அறுபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? உதடு தானாகக் குவிந்துவிட்டது. சர்வர் திரும்பவில்லை. பக்கத்து மேசை அம்மாள் திரும்பினார். அவர் புருஷன் எழுந்தார்.

முருகேசு: ஐயையோ!

சுப்பையா: "எங்கள் ஊரில் டீக்கடைப் பையனை இப்படித்தான் கூப்பிடுவோம்" என்றேன். "எந்த ஊருய்யா அது?" என்றார். பர்மா என்றேன். என் நிறத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "பொய் வேறயா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார்.

(முருகேசு 'ப்ச்' என்கிறார். மூன்று பையன்கள் ஓடி வருகிறார்கள். இரண்டு டீ சொல்லியாகிறது. மேசையில் ஏற்கெனவே வெறுந்தேநீர்க் கூஜா இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. சுப்பையா ஊற்றி ஊற்றிக் குடிக்கிறார்.)

முருகேசு: மெதுவாக, அத்தான். தொண்டை சுடப்போகிறது.

சுப்பையா: ஒரு மாதமாயிற்று இதைக் கண்ணில் பார்த்து. அங்கே டீ குடித்து முடித்ததும் கூஜா வரும் வரும் என்று உட்கார்ந்திருப்பேன். பில்தான் வரும்.

முருகேசு: போகும்போது என்ன சொன்னீர்கள்? "நான் அசல் தமிழன், சொந்த மண்ணுக்குப் போகிறேன்" என்று விமான நிலையத்தில் அக்காவையே அழவைத்தீர்கள்.

சுப்பையா: அசல் தமிழன்தான். பாஸ்போர்ட்டில் பெயர் என்ன?

முருகேசு: தேன் ஊ.

சுப்பையா: நமக்கென்ன, வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர். வெள்ளிக்கிழமை பிறந்தவன், அந்தக் கிழமைக்குரிய எழுத்தில் வைக்கவேண்டும் என்று வாத்தியார் எழுதிவிட்டார். லாட்ஜில் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "தேன் ஊ... மிச்சம் எங்கே சார்? ஊற்றா, ஊறலா?" அவ்வளவுதான் பெயர் என்றேன். இனிஷியல் கேட்டான். பர்மியப் பெயரில் குடும்பப் பெயரும் கிடையாது, அப்பா பெயரும் ஒட்டாது என்றேன். "அப்பா பெயர் தெரியாதா சார்?" என்று அவன் கேட்ட தொனியில் அவ்வளவு இரக்கம், மச்சான்.

முருகேசு: ராமசாமி என்று சொல்லவேண்டியதுதானே?

சுப்பையா: சொன்னேனே. "ராமசாமி மகன் தேன் ஊவா?" என்று உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்துவிட்டான்.

முருகேசு: சரி, கோயிலுக்காவது ஒழுங்காகப் போனீர்களா?

சுப்பையா: அர்ச்சனைக்கு நின்றேன். குருக்கள், "பேரு, நட்சத்திரம்?" என்றார். "சுப்பையா, வெள்ளிக்கிழமை" என்றேன். "நட்சத்திரம் கேட்டேன்." "அது தெரியாது சாமி, என் மிருகம் தெரியும். வாலில்லாத எலி."

முருகேசு: அதை ஏன் அங்கே சொன்னீர்கள்?

சுப்பையா: இங்கே ஷ்வேடகோன் புத்தர் கோயிலில் சொன்னால் சின்னக் குழந்தைகூட வடக்கு மூலையைக் காட்டும். வியாழனுக்கு வாலுள்ள எலி, வெள்ளிக்கு வாலில்லாத எலி. ஏழு கிழமைக்கு எட்டு மிருகம், புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிளந்து பின்பாதியை ராகுவிடம் கொடுத்திருக்கிறோம் என்று விளக்கினேன். ராகு என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நவக்கிரகத்தைக் காட்டி, "அதோ சுக்கிரன், கும்பிட்டுக்கொள்" என்றார். சுக்கிரனைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நம் கிழமைச் சாமியைக் கண்டால் வயசுக்குத் தக்கபடி தண்ணீர் ஊற்றவேண்டாமா? கையில் தண்ணீர் பாட்டில் வேறு.

முருகேசு: ஊற்றினீர்களா!

சுப்பையா: அந்த மூடியால்தான். அறுபத்து மூன்று மூடி கணக்கு. நாலாவதிலேயே பிடித்துவிட்டார்கள்.

(டீ வருகிறது. சுப்பையா ஆடையை விரலால் ஒதுக்குகிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நல்ல டீ வந்தால் எந்தத் தமிழனும் பேசமாட்டான், பர்மியனும் பேசமாட்டான்.)

முருகேசு: பெரியப்பா பேரன் கல்யாணம் எப்படி நடந்தது?

சுப்பையா: உன் அக்கா மடித்துக் கொடுத்தாளே, அமரபுரத்துப் பட்டு லுங்கி, அலை அலையாக நெய்தது. மேலே வெள்ளைச் சட்டை. இங்கே அதைக் கட்டிக்கொண்டு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கே போகலாம். மண்டப வாசலில் ஒருத்தன் நிறுத்தி, "சமையல் ஆளெல்லாம் பின்வாசல்" என்றான். "நான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா" என்றேன். "சித்தப்பா கைலியிலா வருவார்?" என்றான். வாதாடவில்லை, பின்வாசலாகவே போனேன். அதிலும் ஒரு லாபம் மச்சான். பந்திக்கு முன்னாலேயே பாயசம் கிடைத்தது.

முருகேசு: கொண்டுபோன லபே?

சுப்பையா: அதைக் கேட்காதே. ஊறவைத்த தேயிலை, எண்ணெய் விட்டு, பூண்டு, எள், வறுத்த பருப்பெல்லாம் கலந்து தின்னுவது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். தேயிலை என்ற ஒரு சொல்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்து எனக்கே நீட்டினார்கள்.

முருகேசு: குடித்தீர்களா?

சுப்பையா: அவர்கள் குடித்தார்களே! "பர்மா டீ ஒரு மாதிரி வீச்சமா இருக்கு, ஆனா உடம்புக்கு நல்லதாம்" என்று தெருவுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

(முருகேசுவுக்குப் புரையேறுகிறது.)

சுப்பையா: சிரி. பஸ்ஸில் நடந்ததையும் கேட்டுவிட்டுச் சிரி. காசை வலது கையில் நீட்டி, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கொடுத்தேன். வேறெப்படிக் கொடுப்பது, மரியாதை இல்லாமல்? கண்டக்டர் காசை வாங்கவில்லை. "பெரியவரே, கையில அடியா?" என்றான். என்ன சொல்வது? ஆமாம் என்றேன். ஒரு பையனை எழுப்பிவிட்டு எனக்கு சீட்டுப் பிடித்துக் கொடுத்தான். அதற்கப்புறம் எந்த பஸ்ஸிலும் நான் நின்றதே இல்லை.

முருகேசு: ஆக, ஊர் பிடிக்கவில்லை.

சுப்பையா: யார் சொன்னது? கடைசி நாள் சென்னையில் பர்மா பஜார் பக்கம் போனேன். வண்டிக்கடையில் ஒரு அம்மா அத்தோ பிசைந்துகொண்டிருந்தார். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டது. நிறம் மட்டும் அங்கே ஆரஞ்சாகிவிட்டது, அதைத் தள்ளு. காசு கொடுத்தேன். என் முழங்கையைப் பார்த்தார். சட்டென்று பர்மியத்தில், "எந்த ஊர்?" என்றார்.

முருகேசு: அட!

சுப்பையா: சின்னப் பிள்ளையாக 1964-ல் கப்பலேறியவராம். ஐம்பது, நூறு கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று அரசாங்கம் சொல்லிவிட்ட வருடம். அப்பா இடுப்பில் ஒரு கட்டு நோட்டு, மொத்தமும் காகிதம். மௌலமைனில் பிறந்தவர். பர்மியம் பேசி நாள் கணக்காயிற்று என்று பேசினார், பேசினார், என்னையும் விடவில்லை, வாடிக்கையாளரையும் கவனிக்கவில்லை. இங்கே நம்மைக் 'கலா', அதாவது இந்தியாக்காரன், என்கிறார்கள். அவரை அந்தத் தெருவே பர்மாக்கார அம்மா என்கிறது. கிளம்பும்போது காசைத் திருப்பிக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் தெரியுமா?

முருகேசு: முழங்கையைத் தாங்கிக்கொண்டு.

சுப்பையா: ம்.

(இரண்டு பேரும் வெறுந்தேநீரை ஊற்றிக்கொள்கிறார்கள். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.)

முருகேசு: டீ ஆறிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அக்கா தேடுவாள்.

(சுப்பையா எழுந்து சட்டைப்பையைத் தடவி நோட்டை எடுக்கிறார். பையன் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். சுப்பையா சுற்றுமுற்றும் பார்க்கிறார். பக்கத்து மேசையில் பெண்கள் யாரும் இல்லை. உதடு குவிகிறது. 'ப்ச்.' பையன் வருகிறான். அவர் வலது கையை நீட்டுகிறார், இடது கை போய் முழங்கையைத் தாங்குகிறது.)

முருகேசு: பெரியவரே, கையில அடியா?