4294967297 பகா எண் அல்ல

4294967297, அதாவது 2^32 + 1, பகா எண் என்றும் அதைக் கணித அறிஞர் ஃபெர்மா நிரூபித்துவிட்டார் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. ஃபெர்மா அப்படி இருக்கும் என்று நம்பினார், அவ்வளவுதான். 1732இல் கணித அறிஞர் ஆய்லர் அந்த எண்ணை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. கால்குலேட்டர்கூட வேண்டாம், தாளில் பெருக்கியே பார்க்கலாம்.

ஆய்லர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இதற்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது!

சரி, அது பகா எண்தான் என்பதற்குச் சான்றாக, அந்த எண்ணை n என்று வைத்து, "2-ஐ n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தேன், மீதி 1 வந்தது" என்கிறாரே அவர்? n 2-ஐத் தவிர்த்த பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரும்; ஆனால் மீதி 1 வந்தாலே பகா எண் என்று ஆகிவிடாது. கணக்கு சரிதான், முடிவுதான் தப்பு. n = 2^32 + 1 என்பதால் 2^32-ஐ n-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். அதன் வர்க்கம் 2^64-க்கு மீதி 1. இங்கே n−1 என்பது 2^32, அது 64-இன் மடங்கு. ஆக மீதி 1 வந்தே தீரும், எண் பகாவோ இல்லையோ. ஃபெர்மா எண்கள் (2^(2^k) + 1 வடிவில் வரும் எண்கள்; இதில் k = 5) எல்லாவற்றுக்குமே இதே கதை. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

641, 6700417 இரண்டும் பகா எண்கள். எனவே இது சரியாக இரண்டு பகாக் காரணிகள் கொண்ட பகு எண். ஃபெர்மா எண்களில் இதுவரை தெரிந்த பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 மட்டுமே.