தொற்றின்போது குறையும் இரும்பு: ஒரு திருத்தம்

‘பாக்டீரியா தொற்றில் ரத்தத்தின் இரும்பும் துத்தநாகமும் குறைந்துவிடுவதால், உடனே மாத்திரையாக எடுத்தால் அழற்சி தணியும்’ என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். அளவு குறைவது சரி. ஆனால் அது பெரும்பாலும் இழப்பல்ல, இடமாற்றம். தொற்று தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டுதலால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடல் செல்களிலும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிலும் இரும்பு வெளியேறும் வாயிலான ஃபெரோபோர்ட்டினை அது அடைத்துவிடுவதால், ரத்தத்தில் உலவும் கிருமியின் கைக்கு எட்டாதபடி இரும்பு உள்ளேயே பதுக்கப்படுகிறது. (அப்போது இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் உயர்வதைப் பார்த்து, இரும்பு தாராளமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு, அழற்சியே அதை உயர்த்தும்.) நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வெளியிடும் கால்புரோடெக்டின் என்ற புரதமும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் இப்படியே பற்றிக்கொள்கிறது. குடலைத் தாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவோ ஈர்ப்புத்திறன் மிகுந்த துத்தநாகக் கடத்தியை வைத்துக்கொண்டு, அழற்சியுற்ற குடலிலும் தழைக்கிறது.

துத்தநாகக் குறைபாடு ஏற்கெனவே உள்ளவருக்கு அழற்சி கட்டுமீறக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்வது பயனுள்ளதே. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனம் துத்தநாகத்தை நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் (6 மாதத்துக்கு உட்பட்டோருக்கு 10 மி.கி.) 10 முதல் 14 நாள்கள் வரை பரிந்துரைத்துவந்ததும் அளவும் காலமும் வரையறுத்துத்தான். குறைபாடில்லாதவர் மிகையான துத்தநாகத்தை நீண்டகாலம் எடுத்தால், செம்புச்சத்துக் குறைந்து, நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையே சரியக்கூடும்.