இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி அல்ல

வினாடி வினாவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக மேலே நண்பர் போட்டிருக்கும் பட்டியலில் "இந்தியாவின் தென்கோடி முனை கன்னியாகுமரி" என்று இருக்கிறது. அது தவறு. கன்னியாகுமரி இந்திய நிலப்பரப்பின், அதாவது தீவுகளைச் சேர்க்காத பகுதியின், தென்முனை மட்டுமே. நாட்டின் தென்கோடி, கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் இந்தியா 8°4' வடக்கு அட்சத்திலிருந்து 37°6' வரை பரவியிருக்கிறது என்று படிக்கிறோம். அந்த 8°4' நிலப்பரப்புக்கான அளவு. வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதுவும் இதை வைத்துத்தான். இந்திரா முனை இருப்பது 6°45' வடக்கில். கன்னியாகுமரியைவிட ஒரு பாகைக்கும் மேல் தெற்கே. அங்கிருந்து பார்த்தால் நம் கரையைவிட இந்தோனேசியாவின் சுமத்ராதான் பக்கம்!

அப்புறம், இந்திரா முனை 2004 சுனாமியில் மறைந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதியதும் சரியல்ல. அன்றைய நிலநடுக்கத்தில் அந்தப் பகுதி 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது, கரையில் கொஞ்சம் கடலுக்குள் போனது உண்மை. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியையும் தண்ணீர் சூழ்ந்தது. ஆனால் முனை இன்றும் இருக்கிறது.

தேர்வில் கேள்வியை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். "நிலப்பரப்பின்" என்று இருந்தால் கன்னியாகுமரி, "இந்தியாவின்" என்று மட்டும் இருந்தால் இந்திரா முனை. நண்பரே, பட்டியலில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்.