குருவின் மேல் விரிக்கும் துணி

தில்லியில் நான் பல ஆண்டுகள் குடியிருந்த பகுதியின் குருத்வாராவில், தர்பார் மண்டபத்தை அடுத்து ஒரு சிறிய அறை இருக்கிறது. அதன் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை மரத் தட்டுகள். தட்டுகள் நிறைய, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாத ருமாலாக்கள், அதாவது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபின் மேல் விரிக்கும் துணிகள். பக்கத்து வீட்டு சர்தார்ஜி தம் பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் அகண்ட பாடம், அதாவது கிரந்தம் முழுவதையும் இடைவிடாமல் வாசிப்பது, வைத்தபோது, நானும் கடையில் இருந்தவற்றிலேயே விலை உயர்ந்ததாகப் பார்த்து, முத்தும் ஜிகினாவும் வைத்துத் தைத்த ஒரு ருமாலாவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதைப் பெற்றுக்கொண்ட மாதாஜி, அங்கே நெடுங்காலமாகச் சேவை செய்துவருபவர், விரல் நுனியால் அந்த முத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேட்டா, இது குரு மகராஜின் ஏட்டில் உரசுமே" என்று மட்டும் சொன்னார். குற்றம் சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. ஆனால், இந்தத் துணி எதற்காக என்று அன்றுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

சீக்கியர்களுக்குக் குரு கிரந்த சாகிப் வாழும் குரு. ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ் தொகுத்த ஆதி கிரந்தம் 1604-இல் அமிர்தசரஸின் ஹர்மந்திர் சாகிபில் (பொற்கோயிலில்) எழுந்தருளியது. 1708-இல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் கிரந்தமே குரு என்று அறிவித்தார். அதன் 1430 பக்கங்களையும் பக்கம் என்று சொல்லாமல் அங்கம் என்றே சொல்கிறார்கள். மேலே சந்தோவா என்னும் விதானம், கீழே மஞ்சி என்னும் சிறு கட்டிலும் மெத்தையும், பக்கத்தில் வீசுவதற்குச் சௌர் என்னும் சாமரம் என்று அமைந்திருப்பவை எல்லாம் ஓர் அரசரின் கொலுவுக்கு உரிய சின்னங்கள். அந்த அவையில் அமர்ந்திருக்கும் குருவின் உடைதான் ருமாலா. பெரும்பாலும் பெரிய துணி ஒன்றும் சிறிய துணிகள் இரண்டுமாக ஒரு தொகுதியாக அமையும். வாசிக்காத நேரத்தில் விரித்த அங்கங்கள் தூசிபடாமல் மூடியிருக்க வேண்டும் என்பது அதன் முதல் வேலை. தமிழில் 'துணி சாத்துதல்' என்றால் நமக்கு விக்கிரகமே நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் பொருள் மாறிவிடும். இங்கே மரியாதை சொல்லுக்கு உரியது, 'சபத்' என்னும் குருவாக்குக்கு உரியது. துணி அதைக் காத்து நிற்கிறது.

இரவில் சுகாசன், அதாவது கிரந்தத்தை மூடி ஓய்வுக்கு எடுத்துச் செல்லும் சடங்கு, நடக்கும்போது இதைக் கண்ணாரப் பார்க்கலாம். கிரந்தத்தை வாசிப்பவரான கிரந்தி கடைசி வாசிப்பை முடித்து, கிரந்தத்தை மெல்ல மூடி, வெள்ளைப் பருத்தித் துணியின் ஒரு முனையை மேலாகவும் மறு முனையை அடியிலுமாக மடித்து, குளிர்காலத்தில் குழந்தையைப் போர்த்துவது போல ஓரங்களைச் செருகுகிறார். பிறகு தலைமேல் ஏந்தி ஓய்வறைக்கு எடுத்துச் செல்கிறார், கூடியிருக்கும் சங்கத் (பக்தர் சபை) முழுவதும் எழுந்து நிற்கிறது. கிரந்தத்தின் உடம்போடு ஒட்டியிருக்கும் அந்தத் துணியில் ஒரு நூல் சரிகைகூடக் கிடையாது.

இதைப் பார்த்த பிறகுதான், காணிக்கை என்ற பெயரில் நாம் செய்வதில் எவ்வளவு நம் பெருமைக்காகவே நடக்கிறது என்று எனக்குப் பட்டது. திருமணம், பிறந்தநாள், புதுமனை, நேர்த்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ருமாலா வந்து சேர்கிறது. நைலானும் ஜிகினாவுமாக, துவைத்தால் நிறம் விடும் துணிகள். குருக்களின் உருவங்களை அச்சிட்டோ பூவேலை செய்தோ விற்பவற்றைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனெனில் உருவ வழிபாட்டை ஏற்காத மரபின் நடுவிலேயே அது உருவத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. 1945-இல் ஒப்புதல் பெற்ற, சீக்கியரின் நடத்தை நெறிகளைத் தொகுத்த சீக்கிய ரகத் மரியாதா, விதானம், மெத்தை, ருமாலா, சௌர் ஆகியவற்றைச் சொல்லும்போதே தூபம், தீப ஆரத்தி, மணியடித்தல் ஆகியவற்றை விலக்குகிறது. பூணூல் அணிவிக்க வந்தவரிடம் குரு நானக் கேட்டதாகச் சொல்லப்படுவதும் இதே வழியில்தான் செல்கிறது: இரக்கத்தைப் பஞ்சாகவும், நிறைவை நூலாகவும், அடக்கத்தை முடிச்சாகவும், வாய்மையை முறுக்காகவும் கொண்ட பூணூல் இருந்தால் கொடுங்கள் என்றார் அவர். துணியை இவ்வளவு நுட்பமாக அறிந்து பேசிய ஒருவரின் வாக்குக்கு, எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதைக் காட்டும் துணி பொருந்தாது என்பதே என் எண்ணம்.

குருத்வாராவில் மரியாதையாக அளிக்கும் துணியான சிரோபாவின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. பாரசீகத்தில் தலை முதல் கால் வரை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. மொகலாய அவைகளில் மன்னர் முழு உடையாக அளித்த மரியாதையின் பெயர். இரண்டாம் குருவான அங்கத் ஆண்டுதோறும் அளித்த துணியை, பின்னாளில் மூன்றாம் குருவான அமர்தாஸ் கழற்றாமல், ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் சுற்றிக்கொண்டே குருவுக்குத் தண்ணீர் சுமந்தார் என்பது மரபு வழக்கு. இறைவனின் அவைக்கு அழைக்கப்பட்ட பாணனுக்குப் புகழ்ச்சியே ஆடையாகக் கிடைத்தது என்று குரு நானக் பாடியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்தல் காலத்தில் வந்துபோகும் ஒவ்வொருவர் கழுத்திலும் போட்டுப் புகைப்படம் எடுப்பதும், நம் செய்தித்தாள்கள் அதைப் 'பொன்னாடை' என்று எழுதிவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. பொன்னாடை மனிதருக்கு மனிதர் போர்த்துவது. சிரோபா குருவின் முன்னிலையில், சங்கத்தின் பேரால், சேவைக்காக வருவது. உங்களுக்கு அது கிடைத்தால் தலை வணங்கி வாங்குங்கள். காலில் படும்படியோ தரையில் கிடக்கும்படியோ விடாதீர்கள். அதைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு, அதுவே அதற்குப் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

குருத்வாராவின் கொடியான நிஷான் சாகிபின் கம்பத்தைச் சுற்றியிருக்கும் துணியையும் சோலா என்றே சொல்கிறார்கள், அதாவது அங்கி. பல இடங்களில் வைசாகியை ஒட்டிக் கம்பத்தைக் கழுவிப் புதிது மாற்றுகிறார்கள். அதன் நிறம் பசந்தி அல்லது சுர்மயியாக, கடுகுப்பூ மஞ்சளாகவோ சாம்பல் கலந்த நீலமாகவோ இருக்க வேண்டும் என்ற மரியாதாவின் விதி 2024-இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டு, நடைமுறையில் பரவிவிட்ட காவி மாற்றப்பட்டது. சிறிய விஷயம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

துணி என்பது பஞ்சாபியில் மானத்தின் பெயர். 1675-இல் தில்லி சாந்தினி சௌக்கில், காஷ்மீரப் பண்டிதர்களின் நம்பிக்கைக்காகத் தலை கொடுத்த குரு தேக் பகதூரை 'ஹிந்த் தி சாதர்', இந்த நாட்டின் போர்வை, என்று அழைக்கிறார்கள். வெட்டுண்ட அந்தத் தலையைத் துணியில் சுற்றி மறைத்து ஆனந்த்பூருக்குக் கொண்டு சேர்த்தவர், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பாய் ஜைத்தா. சீக்கியத் திருமணமான ஆனந்த் காரஜில் மணமகன் தோளில் கிடக்கும் பல்லா என்னும் துணியின் ஒரு முனையைத் தந்தை எடுத்து மகளின் கையில் கொடுக்கும் கணத்தில், நான் பார்த்த எல்லாத் திருமணங்களிலும், கீர்த்தனை பாடும் ராகிகளின் குரலைத் தவிர வேறு ஓசை இருந்ததில்லை.

மறுமுறை போகும் முன் மாதாஜியிடம், என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "நாலு மீட்டர் வெள்ளைப் பருத்தி, கஞ்சி போடாதது" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரில் நனைத்து அலசி, மொட்டைமாடிக் கொடியில் விரித்து, காற்றில் சுருண்ட ஓரத்தைக் கையால் நீவி விட்டார். சில வாரங்கள் கழித்து ஓர் இரவில் சுகாசனுக்கு நின்றிருந்தபோது, கிரந்தி மடித்துச் செருகிய துணியின் விளிம்பில் மாதாஜி தம் கையால் போட்டிருந்த தையல் தெரிந்தது.